பிணம் எடுக்கப் போன குதிரைப்படை: 'செவன்த் கேவல்ரி' (1956) எங்கே சறுக்கியது?

கையில் காசு குறைவாக வைத்துக்கொண்டு குதிரைப்படைப் படம் எடுக்க இறங்குவது வம்பை விலைக்கு வாங்குகிற காரியம். சாதாரண வெஸ்டர்னுக்கு, அதாவது கௌபாய் படத்துக்கு, ஒரு தெரு, ஒரு மதுக்கடை, முறைத்துக்கொள்ள இரண்டு பேர் இருந்தால் ஒப்பேற்றிவிடலாம். குதிரைப்படை என்றால் ஆளுக்கொரு சீருடை, ஆளுக்கொரு குதிரை, சேணம், தீவனம், குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஆட்கள், குதிரையோடு சேர்ந்து விழத் தெரிந்த ஸ்டன்ட்காரர்கள் என்று செலவு நீண்டுகொண்டே போகும். அதனால் ஹாலிவுட்டின் சின்ன கம்பெனிகள் 1950களில் இதற்குச் சில குறுக்குவழிகளை வைத்திருந்தன. ரெஜிமென்ட் என்று வசனத்தில் சொல்லிவிட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ரோந்துப் படையை மட்டும் காட்டுவது ஒன்று. பெரிய படம் ஒன்றிலிருந்து சண்டைக் காட்சிகளை வெட்டி எடுத்து ஒட்டிக்கொள்வது இன்னொன்று. வேறு யாரோ கட்டிவைத்த கோட்டை செட்டை வாடகைக்கு எடுப்பது மூன்றாவது. இயக்குநர் ஜான் ஃபோர்டு 'ஃபோர்ட் அபாச்சி' (1948) படத்துக்காகக் கலிபோர்னியாவின் கொரிகன்வில்லில் போட்ட கோட்டை செட், பிறகு எத்தனையோ சின்னப் படங்களில் வேறு வேறு பெயரில் நின்றது.

கொலம்பியா நிறுவனத்துக்காக ஹாரி ஜோ பிரவுன் தயாரித்து, ஜோசப் ஹெச். லூயிஸ் இயக்கி, ராண்டால்ஃப் ஸ்காட் நடித்த 'செவன்த் கேவல்ரி' இந்தக் குறுக்குவழி எதுவும் தேவைப்படாத ஒரு கதையோடு தொடங்கியது. கதைப்படி ரெஜிமென்ட்டில் பாதி ஏற்கெனவே செத்துவிட்டது. மீதிப் பேர் திரும்பி வரவில்லை. கோட்டை காலி. இருநூறு குதிரை வாங்கக் காசில்லாத தயாரிப்பாளருக்கு இதைவிடத் தோதான கதை அமையாது. அப்படி அமைந்தும் 75 நிமிடப் படம் பாதி வழியில் படுத்துவிடுகிறது. வழக்கமாக இதற்குச் சொல்லப்படும் காரணம் பட்ஜெட். என் கணக்கில் பட்ஜெட் இந்தப் படத்துக்கு நல்லதுதான் செய்தது. அதைக் கெடுத்தது, 1876இல் தன் ஆட்களோடு அழிந்த தளபதி கஸ்டர் மேல் அதற்கிருந்த பக்தி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1876 ஜூன் 25 அன்று, இன்றைய மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் முகாமிட்டிருந்த லகோட்டா, ஷையென், அரபாஹோ மக்கள் மேல் அமெரிக்க ராணுவத்தின் 7வது குதிரைப்படை பாய்ந்தது. சியூ என்று வெள்ளையர்கள் சொல்வதில் பெரும் பிரிவினர்தான் லகோட்டாக்கள். படைக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டர் தன் ஆட்களைப் பிரித்தார். மேஜர் ரீனோ ஒரு பக்கம், கேப்டன் பென்டீன் இன்னொரு பக்கம், தன்னோடு ஐந்து கம்பெனிகள், அதாவது ரெஜிமென்ட்டின் சிறு பிரிவுகள். அந்த ஐந்து கம்பெனிகளில் அவரோடு நின்ற ஏறக்குறைய 210 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ரீனோவும் பென்டீனும் வேறொரு மேட்டில் ஒன்றுசேர்ந்து, முற்றுகையைத் தாங்கி உயிர் தப்பினார்கள். 'தப்பு யார்மேல்? அவசரப்பட்ட கஸ்டர் மேலா, உதவிக்குப் போகாத இந்த இருவர் மேலா?' என்ற சண்டை அன்று தொடங்கியது. இன்னும் ஓயவில்லை.

படத்தின் கதை க்ளெண்டன் ஸ்வார்த்தவுட் எழுதிய ஒரு சிறுகதையிலிருந்து வந்தது. கேப்டன் டாம் பென்சன் (ஸ்காட்) தனக்கு நிச்சயமான பெண் மார்த்தாவை (பார்பரா ஹேல்) அழைத்துவரக் கஸ்டரிடம் விடுப்பு வாங்கிப் போயிருக்கிறார். அவளோடு ஃபோர்ட் லிங்கனுக்குத் திரும்பினால், கோட்டையில் காவலுக்கு ஆளில்லை. உள்ளே போகிறார். சத்தமே இல்லை. கடைசியில் புத்தி பேதலித்த நிலையில் இருக்கும் ஒரு அதிகாரியின் மனைவி வழியாகத்தான் நடந்தது தெரிகிறது: கஸ்டர் செத்துவிட்டார், கம்பெனிகள் அழிந்துவிட்டன. அந்தப் பெண்ணாக வருகிற ஜெனட் நோலன் கொஞ்ச நேரம்தான் திரையில் இருக்கிறார். அந்தக் கொஞ்ச நேரம் படத்தின் மற்ற எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறார். 'எங்கள் ஆட்கள் செத்தபோது நீ எங்கே இருந்தாய்?' என்ற கேள்வி அங்கே பென்சன்மேல் ஒட்டிக்கொள்கிறது. படம் முழுக்க அதைத் துடைக்க முடிவதில்லை.

இந்தத் தொடக்கத்தை லூயிஸ் எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். இவர் சாமானிய ஆள் இல்லை. 'கன் க்ரேஸி' (1950) படத்தில் ஒரு வங்கிக் கொள்ளையைக் காரின் பின்சீட்டில் கேமராவை வைத்து ஒரே ஷாட்டில் எடுத்தவர். வங்கிக்குள்ளே நடப்பதைக் காட்டவே மாட்டார். செட்டுக்கான செலவும் மிச்சம், பதற்றமும் இரட்டிப்பு. அதற்கும் முன்னால் மலிவு வெஸ்டர்ன்களை வரிசையாக எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இவருக்கு 'வண்டிச்சக்கர ஜோ' என்று பட்டப்பெயர். சப்பையான காட்சி என்றால் கேமராவுக்கு முன்னால் ஒரு வண்டிச்சக்கரத்தை நிறுத்தி, அதன் ஆரக்கால்கள் வழியாகப் படம்பிடிப்பாராம். படத்தொகுப்பாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள் என்பது கதை. காட்டாமல் காட்டுவது அவருக்குக் கைவந்த கலை. காலிக் கோட்டைக் காட்சியில் அந்தக் கை தெரிகிறது. உலகப் புகழ் பெற்ற சண்டையைப் பற்றிய படத்தில் அந்தச் சண்டை வரவே வராது. ஆளற்ற முற்றமும் ஒரு பெண்ணின் உளறலும்தான் வரும். பணம் இருந்திருந்தால் நிச்சயம் சண்டையை எடுத்திருப்பார்கள். 1941இல் எரோல் ஃப்ளின்னை வைத்து வார்னர் பிரதர்ஸ் எடுத்தது மாதிரி வீரமரணம், புழுதி, கொடி என்று ஒரு கச்சேரி நடந்திருக்கும்.

காசு எங்கே போனது என்பதும் தெரிகிறது. டெக்னிகலர். 1955 வாக்கில் வெஸ்டர்ன் தொடர்கள் தொலைக்காட்சியில் வரிசைகட்டத் தொடங்கிவிட்டன. வீட்டில் இலவசமாகக் கருப்பு வெள்ளையில் கிடைக்கிற சரக்கைத் தியேட்டரில் காசு வாங்கிக்கொண்டு காட்ட வேண்டும் என்றால் வண்ணம் இருந்தாக வேண்டும். ஒளிப்பதிவாளர் ரே ரெனஹான் டெக்னிகலரின் தொடக்க காலத்திலிருந்தே அதில் ஊறியவர். 'கான் வித் தி விண்ட்' ஆஸ்கரில் பங்கு உள்ளவர். நீலச் சீருடை அவர் கையில் நன்றாகத்தான் இருக்கிறது. படப்பிடிப்பு மெக்சிகோவில். இங்கே ஒரு சேதம் உண்டு. லிட்டில் பிக்ஹார்ன் களம் என்பது மரமில்லாத புல்மேடுகளின் தொடர்ச்சி. கீழே ஆறு, ஆற்றோரம் மரங்கள், மேலே ஒளிய இடமில்லாத முகடு. கஸ்டர் ஏன் செத்தார் என்பதில் பாதியை அந்த நிலமே சொல்லிவிடும். மெக்சிகோவின் நிலம் அழகாக இருக்கிறது, ஆனால் அதற்கு இந்தக் கதை தெரியாது. இசைக்கு மிஷா பகலெய்னிகாஃப். கொலம்பியாவின் கையிருப்பு இசையைச் சின்னப் படங்களுக்கு வெட்டி ஒட்டித் தருவதில் பழுத்த கை. இது எதையும் நான் பெரிய குற்றமாக எண்ணவில்லை. இந்த விலைக்கு இந்த அளவு கிடைப்பதே அதிகம்.

நடிகர் தேர்வைப் பற்றிச் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்காட் 1898இல் பிறந்தவர். புது மாப்பிள்ளையாக வரும்போது அவருக்கு 58 வயது. பார்பரா ஹேலுக்கு 34. மாமனார் கர்னல் கெல்லாக் வேடத்தில் வரும் ரஸ்ஸல் ஹிக்ஸுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மாமனாரும் மருமகனும் முறைத்துக்கொள்ளும் காட்சிகள் பள்ளிக்கூடத் தோழர்கள் பழைய கணக்கைத் தீர்ப்பது மாதிரி இருக்கின்றன. ஹேலுக்குக் கொடுத்த வேலை அப்பாவுக்கும் காதலனுக்கும் நடுவே கவலைப்படுவது மட்டும்தான். அடுத்த வருடமே தொலைக்காட்சியில் வக்கீல் பெர்ரி மேசனின் செயலாளராக வந்து எவ்வளவு நிதானமாக, கூர்மையாக நடித்தார் என்று பார்த்தவர்களுக்கு இந்த விரயம் உறுத்தும்.

சரி, படம் எங்கே படுத்தது?

நடுப்பகுதியில். கர்னல் கெல்லாக் தலைமையில் கோட்டையிலேயே ஒரு விசாரணை நடக்கிறது. ரீனோ, பென்டீன், மற்றவர்கள் வந்து கஸ்டரைக் குறை சொல்கிறார்கள்: புகழ்ப்பித்து, அவசரம், கட்டளையை மீறிய திமிர். பென்சன் எழுந்து கஸ்டருக்காக வாதாடுகிறார். சூதாடியாக இருந்த தன்னை அதிகாரியாக்கியவர் கஸ்டர் என்ற நன்றி அவருக்கு. காகிதத்தில் பார்த்தால் இது செலவில்லாத நல்ல நாடகம். ஒரு அறை, ஒரு மேசை, எட்டுப் பத்துப் பேர். ஆனால் விசாரணை என்று வைத்தால் முடிவு எப்படியும் போகலாம் என்ற பயம் பார்ப்பவருக்கு இருக்க வேண்டும். இங்கே குற்றம் சாட்டுகிற எல்லாரும் பொறாமைக்காரர்களாகவோ கோழைகளாகவோ முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, திரைக்கதைக்கும் அது தெரிகிறது. தெரிந்தும் அதற்குப் பதில் சொல்வதில்லை. பென்சன் குரலை உயர்த்துகிறார், அவ்வளவுதான். ஏன் படையைப் பிரித்தார், முகாமின் அளவு தெரியாமல் ஏன் இறங்கினார் என்ற இரண்டு கேள்விக்கும் விசுவாசத்தைத் தவிர வேறு பதில் வரவில்லை.

நிஜத்தில் நடந்த விசாரணையை ஒப்பிட்டால் நழுவவிட்டது எவ்வளவு என்று தெரியும். அது 1879 ஜனவரியில் சிகாகோவின் பாமர் ஹவுஸ் ஹோட்டலில் நடந்தது. கேட்டு வாங்கியவர் ரீனோ. இரண்டரை வருடமாகக் கோழை என்று பேசப்பட்டவர், தன் பெயரைத் துடைக்கத் தானே விசாரணை கேட்டார். ஒரே மேட்டில் ஒன்றாக உயிர் பிழைத்த அதிகாரிகள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். ரெஜிமென்ட்டின் மானம், தங்கள் மானம், செத்தவர்களின் மானம் மூன்றையும் ஒரே நேரத்தில் காப்பாற்றியாக வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. மேல் நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று முடிந்தது. ஆனால் ரீனோவின் கீழிருந்த அதிகாரிகள் சிலர் அவரைவிட அதிகம் செய்தார்கள் என்று ஒரு வரியையும் சேர்த்து வைத்தார்கள். விடுதலையும் கிடைத்தது, ஊசியும் ஏறியது. அந்த ஒரு வரிக்கு ஈடான கசப்பு படத்தின் விசாரணையில் எங்கும் இல்லை.

அதன்பிறகு படம் ஒருமுறை எழுந்து நிற்கிறது. செத்த அதிகாரிகளின் உடல்களை எடுத்துவர வாஷிங்டனிலிருந்து உத்தரவு வருகிறது. பென்சன் தானாக முன்வருகிறார். தன்னோடு அழைத்துப் போவது யாரை? கோட்டையில் பின்தங்கியவர்களை. தண்டனையில் இருந்தவர்கள், குடிகாரர்கள், ஏதோ சாக்குச் சொல்லிச் சண்டைக்குப் போகாமல் தப்பியவர்கள். உயிரோடு இருப்பதே எல்லாருக்கும் அவமானம். ஜே சி. ஃபிளிப்பன், ஃபிராங்க் ஃபேலன், லியோ கார்டன், டென்வர் பைல் என்று முகத்திலேயே ஒரு வாழ்க்கை எழுதியிருக்கும் நடிகர்கள். குறைந்த செலவுப் படங்களின் சொத்தே இந்த மாதிரித் துணை நடிகர்கள்தான். சண்டையில் இல்லாத ஒரு கேப்டன், சண்டையைத் தவிர்த்த ஒரு கூட்டத்தை ஓட்டிக்கொண்டு சண்டை நடந்த இடத்துக்குப் போகிறார். யாரும் யாரையும் மதிக்கவில்லை. மெக்சிகோவில் பதினைந்து பேரை வைத்து எடுக்கக்கூடிய கதை இது.

இந்தப் பயணத்துக்குப் படம் ஒதுக்கிய நேரம்தான் எனக்கு ஆறவில்லை. விசாரணை வாய்க்கு வாய் இழுத்துக்கொண்டு போன பிறகு, படை கிளம்பும்போது மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். கார்டனோடு ஒரு கைகலப்பு, அங்கங்கே முணுமுணுப்பு, அதற்குள் களம் வந்துவிடுகிறது. இந்த ஆட்களில் யார் எதற்காகப் பின்தங்கினார் என்பதைக் கேட்டிருந்தால் போதும், விசாரணைக் காட்சியே தேவைப்பட்டிருக்காது. உண்மையான விசாரணை குதிரைமேல் நடந்திருக்கும்.

களத்தில் நடப்பது இன்னும் மோசம். சியூ வீரர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். இந்த மண் தங்களுக்குப் புனிதமானது, கஸ்டரின் ஆவி இங்கே இருக்கிறது, உடலை எடுத்துப்போகக் கூடாது என்கிறார்கள். இதற்குள் மாரிசன் என்ற கார்ப்பரல் (ஹாரி கேரி ஜூனியர்) கஸ்டரின் இன்னொரு குதிரையான டேண்டியில் ஏறிப் பின்னாலேயே வருகிறார். வழியில் சுடப்படுகிறார். ஆளில்லாத குதிரை களத்துக்குள் ஓடி வருகிறது, பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பு முழங்குகிறது. கஸ்டரின் ஆவியே வந்துவிட்டது என்று நம்பி சியூ வீரர்கள் வழிவிடுகிறார்கள். படம் முடிந்தது.

சண்டை இல்லாத க்ளைமாக்ஸ், ஒரே ஒரு குதிரையின் செலவு. தயாரிப்புக் கணக்கில் கெட்டிக்காரத்தனம். அந்தக் குதிரை ஓடிவரும் ஷாட்டில் ஒரு சிலிர்ப்பும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதன் பொருள் என்ன? கஸ்டர் குற்றவாளியா இல்லையா என்று அரைப் படத்துக்கு வாதாடிய பிறகு, தீர்ப்பை ஒரு குதிரையிடம் விட்டுவிட்டார்கள். அதிலும் தீர்ப்புக்குச் சாட்சி யார் என்றால் அவரைத் தோற்கடித்தவர்களே. ஜெயித்தவர்கள் தோற்றவனின் ஆவிக்குப் பயந்து விலகுகிறார்கள். பழங்குடியினரை மூடநம்பிக்கைக்காரர்களாகக் காட்டுவது அந்தக் காலத்து ஹாலிவுட்டின் பொதுவான வியாதி என்று சொல்லிக் கடந்துவிடலாம்தான். இங்கே அது கஸ்டரைக் காப்பாற்றும் கருவியாகவே ஆகிவிட்டது என்பதுதான் சங்கடம். அன்று சண்டையிட்ட லகோட்டா, ஷையென் வீரர்கள் பலர், எதிரில் இருந்தது கஸ்டர் என்பதே தங்களுக்குத் தெரியாது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். நீளமான பொன்னிற முடிக்குப் பேர்போன மனிதர், அந்தப் படையெடுப்புக்கு முன் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தார்.

டேண்டி கற்பனைக் குதிரை இல்லை. கஸ்டர் சண்டைக்கு ஏறிப் போனது விக் என்ற குதிரையில். டேண்டி பின்னால் பொதிக் கழுதைகளோடு நின்றதால் பிழைத்தது. பிறகு அது விதவையான எலிசபெத் கஸ்டரிடம் சேர்க்கப்பட்டு, அவர் வழியாக மிச்சிகனின் மன்ரோ ஊரில் மாமனாரிடம் போய்ச் சேர்ந்தது. மகனைப் பறிகொடுத்த கிழவருக்கு மகனின் குதிரை.

உடல் எடுத்ததும் நிஜத்தில் நடந்ததுதான். ஆனால் படம் காட்டுவது மாதிரி இல்லை. சண்டை முடிந்து மூன்றாம் நாள், பிழைத்தவர்கள் அவசர அவசரமாகப் பிணங்களைப் புதைத்தார்கள். மண்வெட்டி போதாது, வெயில், நாற்றம். பலர்மேல் மண்ணையும் செடிகொடிகளையும் கொஞ்சம் அள்ளிப் போட்டதோடு சரி. ஒரு வருடம் கழித்து, 1877 கோடையில், ஜெனரல் ஷெரிடனின் தம்பி மைக்கேல் ஷெரிடனும் கேப்டன் நோலனும் 7வது குதிரைப்படையின் 'ஐ' கம்பெனியோடு போய் அதிகாரிகளின் எலும்புகளைத் தோண்டினார்கள். மறிக்க யாரும் வரவில்லை. லகோட்டா தலைவர்களில் கிரேஸி ஹார்ஸ் அந்த மே மாதமே சரணடைந்திருந்தார், சிட்டிங் புல் தன் மக்களோடு எல்லை தாண்டிக் கனடாவுக்குள் போயிருந்தார். கஸ்டர் என்று முதலில் தோண்டியெடுத்த எலும்புகளோடு கிடந்த சட்டையில் வேறொருவர் பெயர் இருந்ததாக, அந்தப் படையில் போன ஒரு சார்ஜென்ட் பிறகு சொன்னார். அப்புறம் வேறு ஒரு குழியைத் தேர்ந்தெடுத்தார்களாம். அந்த அக்டோபரில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது முழுக்கக் கஸ்டர்தானா என்ற சந்தேகம் இன்றுவரை இருக்கிறது. தம்பி டாம் கஸ்டர் உட்படச் சிலர் ஃபோர்ட் லெவன்வொர்த்துக்குப் போனார்கள். சாதாரணச் சிப்பாய்கள் போகவில்லை. அவர்கள் எலும்புகளை 1881இல் மேட்டின் மேலேயே ஒன்றாகச் சேர்த்துப் புதைத்து, மேலே கிரானைட் தூண் நட்டார்கள்.

அதிகாரிக்குப் பெட்டி, சிப்பாய்க்குப் பொதுக்குழி. பென்சனோடு தோண்டப் போனவர்கள் அத்தனை பேரும் சிப்பாய்கள். தங்கள் கூட்டாளிகளை விட்டுவிட்டு அதிகாரிகளை மட்டும் பொறுக்கி எடுத்து வரச் சொன்னால் அந்தக் குடிகாரக் கூட்டம் என்ன சொல்லியிருக்கும்? தப்பான ஆளைத் தோண்டிவிட்டோம் என்று தெரிந்தால் கேப்டன் என்ன செய்திருப்பார்? இதற்கெல்லாம் ஒரு காசு கூடுதலாக ஆகியிருக்காது. நாலு மண்வெட்டி போதும். ஆனால் கஸ்டரின் உடல் எது என்றே தெரியவில்லை என்று ஒரு கஸ்டர் பக்திப் படத்தால் எப்படிச் சொல்ல முடியும்? அதனால்தான் குதிரை வந்தது.

ஃபோர்டு இதே விஷயத்தைக் கையாண்டதையும் பார்க்கலாம். 'ஃபோர்ட் அபாச்சி'யில் கஸ்டரின் சாயலில் ஒரு கர்னலை உருவாக்கி, அவரது பிடிவாதம் எப்படி ஆட்களைக் கொன்றது என்று ஒளிக்காமல் காட்டினார். கடைசியில் அதே கர்னலைப் பத்திரிகையாளர்கள் முன்னால் வீரர் என்று மற்றவர்கள் தூக்கிப் பிடிக்கிறார்கள். பொய் தேவைப்படுகிறது, அது பொய் என்றும் நமக்குத் தெரியும். எட்டு வருடம் கழித்து வந்த லூயிஸின் படத்தில் அந்தப் பொய்யை யாரும் பொய்யாகப் பார்க்கவில்லை.

பணம்தான் பிரச்சினை என்பவர்களுக்கு அடுத்த வருடத்தின் சாட்சி ஒன்று உண்டு. அதே ஸ்காட், அதே ஹாரி ஜோ பிரவுன், அதே கொலம்பியா, ஏறக்குறைய அதே நீளம். இயக்கம் பட் பெட்டிச்சர், திரைக்கதை பர்ட் கென்னடி, எல்மோர் லெனார்டின் கதை. 'த டால் டி' (1957). கொள்ளையர்களிடம் சிக்கிய ஒரு ஆணும் ஒரு பெண்ணும், லோன் பைன் பாறைகள், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். ரிச்சர்ட் பூனின் வில்லன் ஸ்காட்டிடம் மனம்விட்டுப் பேசுகிற மாதிரி ஒரு காட்சிகூட 'செவன்த் கேவல்ரி'யில் இல்லை. ஸ்காட்டின் வயதை மறைக்காமல், அதையே பாத்திரத்தின் களைப்பாக மாற்றியும் விட்டார்கள். அந்தக் கூட்டணி 1960 வரை எடுத்த படங்கள் இன்று வெஸ்டர்ன் வரலாற்றில் தனி அத்தியாயம். லூயிஸும் 1958இல் ஸ்டெர்லிங் ஹேடன் கையில் திமிங்கில ஈட்டியைக் கொடுத்துத் துப்பாக்கிக்காரனோடு மோதவிட்ட, இதைவிடவும் மலிவான 'டெரர் இன் எ டெக்சஸ் டவுன்' எடுத்துவிட்டு, பெரிய திரையை விட்டுத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டார். அந்த ஈட்டியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதற்கு, கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட் வேலை தராமல் ஒதுக்கிய கறுப்புப் பட்டியலில் இருந்த டால்டன் ட்ரம்போ வேறு பெயரின் மறைவில் எழுதிக்கொடுத்தார். இயக்குநர் மாறவில்லை, கையில் இருந்த எழுத்து மாறியது.

இப்போது யாராவது இந்தப் படத்தைத் தேடிப் பார்ப்பதாக இருந்தால், கோட்டைக்குள் பென்சன் நுழைவதிலிருந்து ஜெனட் நோலன் காட்சி முடியும்வரை முழு கவனத்தோடு பாருங்கள். விசாரணையில் எழுந்து காபி போடப் போகலாம், எதுவும் தவறாது. உடல் எடுக்கும் உத்தரவு வரும்போது திரும்பி வந்து உட்காருங்கள். லியோ கார்டன் முகத்தில் ஒரு கண் இருக்கட்டும்.